அறுபது நொடி அச்சம்: பேய்ப்பட டிரெய்லரில் இசையைத் தேர்வதும் அடுக்குவதும்

பேய்ப்பட டிரெய்லருக்குக் கதை சொல்ல அவகாசம் கிடையாது. பாத்திரம் யார், அந்த இடத்தில் முன்பு என்ன நடந்தது என்பதெல்லாம் பிடிபடுவதற்குள் படத்தின் பெயர் திரையில் வந்துவிடும். எனவே பயமுறுத்தும் வேலையில் பெரும்பகுதி ஒலியின் தலையில் விழுகிறது. மாணவர் படங்களில் இந்தச் சுமை இன்னும் கூடுதல். ஒப்பனைக்கும் கிராபிக்ஸுக்கும் பணம் இருக்காது. இருட்டைச் சரியாகப் படமெடுக்கக்கூட நல்ல விளக்குகள் வேண்டும். ஒலிக்கு அவ்வளவு செலவில்லை. ஒரு ரெக்கார்டர், ஒரு கணினி, சுமாரான ஹெட்ஃபோன் இருந்தால் மீதியைக் கேட்பவரின் காதும் மூளையும் பார்த்துக்கொள்ளும். அவை அந்த வேலையை எப்படிச் செய்கின்றன, அதற்கு இசையை எப்படித் தேர்ந்து அடுக்க வேண்டும் என்பவையே இந்த அத்தியாயத்தின் பொருள்.

சென்னையில் திரைப்பட ஒலியைப் பாடமாகப் படிக்கும் இடங்களில் ஒன்று தரமணியில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் தொடக்கம் 1945 வரை பின்னோக்கிச் செல்கிறது. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவற்றோடு ஒலிப்பொறியியலும் அங்கே நான்காண்டுப் பட்டப்படிப்பு. பழைய தலைமுறையினர் 'அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிடியூட்' என்று சொல்வது இதைத்தான். 1986-இல் வெளியான 'ஊமை விழிகள்' அங்கே படித்த இளைஞர்கள் எடுத்த திகில் படம். ஆபாவாணன் எழுத, ஆர். அரவிந்தராஜ் இயக்கினார். இசையில் மனோஜ்–கியான் இரட்டையரோடு ஆபாவாணனின் பெயரும் உண்டு. திகில் படத்தில் கதை எழுதியவரே இசையிலும் கைவைப்பதில் வியப்பில்லை. பயம் எங்கே வர வேண்டும் என்பதையும் அதை எந்த ஒலி கொண்டுவரும் என்பதையும் தனித்தனியே தீர்மானிக்க முடியாது.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். தரமணியில் ஒரு கல்லூரி, நள்ளிரவு. ஒலிப்பதிவு அறையில் ஒரு மாணவி தனியாக மிக்ஸிங் செய்துகொண்டிருக்கிறாள். தான் பதிவு செய்யாத ஒரு தாலாட்டு ஹெட்ஃபோனில் கேட்கிறது. டிரெய்லரின் நீளம் 60 நொடி. இதற்கு என்ன இசை, எத்தனை அடுக்கு?

காது பயப்படும் வழிகள்

ஒலியால் வரும் அச்சம் ஒரே வகை அல்ல. குறைந்தது நான்கு வழிகளை அறிவியல் பிரித்துக் காட்டுகிறது. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பல டிரெய்லர்கள் சத்தமாக இருக்கின்றன, பயமாக இருப்பதில்லை.

முதலாவது திடுக்கிடல். சட்டென எழும் உரத்த ஒலி காதில் விழுந்ததும் கண் இமை மூடிக்கொள்கிறது. கழுத்தும் தோளும் இறுகுகின்றன. இந்த அனிச்சைச் செயலின் நரம்புப் பாதை மூளைத்தண்டோடு முடிந்துவிடுவதால் சிந்தனைக்கு அதில் இடமில்லை. இமை அசைய 30 முதல் 50 மில்லிநொடி போதும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் சினிமாவில் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 42 மில்லிநொடி. திரையில் வந்தது என்ன என்று புரிவதற்கு முன்பே உடல் துள்ளிவிடும். ஆனால் இதே ஒலி திரும்பத் திரும்ப வந்தால் உடல் விரைவில் பழகிவிடுகிறது. ஒரு நிமிட டிரெய்லரில் ஐந்து அதிரடிகளை வைத்தால் கடைசி இரண்டுக்கும் யாரும் அசைய மாட்டார்கள்.

இரண்டாவது கரகரப்பு. ஒலியின் உரப்பு நொடிக்கு 30 முதல் 150 முறை ஏறி இறங்கினால் காதுக்கு அது சொரசொரப்பாகப் படுகிறது. சாதாரணப் பேச்சின் ஏற்ற இறக்கம் நொடிக்குச் சில முறைதான். லுக் ஆர்னால் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனித அலறல் இந்தக் கரகரப்புப் பகுதியைத் தனக்கென வைத்திருக்கிறது. கரகரப்பு கூடக்கூட, ஆபத்தை எடைபோடும் மூளைப் பகுதியான அமிக்டலாவின் செயல்பாடும் கூடியது. குழந்தை அழுவதை அலட்சியப்படுத்த முடியாததற்கும், எச்சரிக்கை மணிகள் பல இதே பகுதியில் ஒலிப்பதற்கும் இது ஒரு காரணமாகலாம்.

மூன்றாவது ஒழுங்கு குலைந்த ஒலி. தொண்டையோ கருவியோ தன் வரம்பை மீறி இயக்கப்படும்போது ஒலி பிளவுபடுகிறது, திடீரெனச் சுருதி தாவுகிறது, இரைச்சலாகிறது. மர்மோட் என்னும் மலை அணில்களின் அபாயக் கூச்சலை ஆராய்ந்த டேனியல் புளூம்ஸ்டைன், 2010-இல் தன் குழுவுடன் 102 திரைப்படங்களின் ஒலித்தடங்களை அலசினார். உணர்ச்சியைத் தூண்ட வேண்டிய காட்சிகளில் இத்தகைய குலைவுகள் எதேச்சையாக வருவதைவிட அதிகம் பயன்பட்டிருந்தன. எந்த வகைப் படம் என்பதைப் பொறுத்து அவற்றின் தன்மையும் மாறியது. 1960-இல் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வுக்குத் தந்திக் கருவிகளை மட்டும் வைத்து இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன், வயலின்களை உச்சஸ்தாயியில் கீறவைத்துச் செய்தது இதைத்தான். குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று முதலில் எண்ணியிருந்த ஹிட்ச்காக், அதைக் கேட்ட பின் மனம் மாறினார்.

நான்காவது நெருங்கிவரும் ஒலி. ஒரே அளவு உரப்பு கூடுவதையும் குறைவதையும் கேட்டால், கூடுவதையே பெரிய மாற்றமாகக் காது மதிப்பிடுகிறது. ஜான் நியூஹாஃப் 1998-இல் இதைக் காட்டினார். விலகிப்போகும் விலங்கைவிட நெருங்கும் விலங்கு ஆபத்தானது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். டிரெய்லர் தொழிலில் 'ரைசர்' எனப்படும் ஏறுமுக ஒலி இந்தச் சார்பின் மீது கட்டப்பட்டது. 1964-இல் ரோஜர் ஷெப்பர்ட் உருவாக்கிய சுருதி அடுக்கு இதை இன்னும் நீட்டுகிறது. ஒரு ஸ்தாயி இடைவெளியில் பல ஒலிகள் சேர்ந்து ஏறும். மேலே போவது மங்க, கீழிருந்து புதிது நுழையும். சுருதி முடிவில்லாமல் ஏறுவதாக மூளை நம்பிவிடும்.

சுரங்களின் உரசல்

கரகரப்பைக் கணினி விளைவுகளில் தேட வேண்டியதில்லை. அடுத்தடுத்த இரண்டு சுரங்களை ஒன்றாக ஒலிக்கவிட்டாலே கிடைத்துவிடும். இரண்டு அதிர்வெண்களுக்கு இடையிலான வித்தியாசமே நொடிக்கு எத்தனை துடிப்பு கேட்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஷட்ஜமும் சுத்த ரிஷபமும் 15:16 என்ற விகிதத்தில் இருப்பவை. ஒரு கட்டைச் சுருதியில் கீழ் ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ், ரிஷபம் 140 ஹெர்ட்ஸ். நொடிக்கு 9 துடிப்பு. காதுக்கு அது மெல்லிய நடுக்கம். ஒரு ஸ்தாயி மேலே போனால் 262, 279, துடிப்பு 17. இன்னும் ஒரு ஸ்தாயி மேலே 523, 558, துடிப்பு 35. இப்போது அது அலறலின் கரகரப்புப் பகுதிக்குள் நுழைந்துவிட்டது. 1965-இல் பிளாம்ப், லெவெல்ட் என்ற இரு டச்சு ஆய்வாளர்கள் தூய ஒலிகளைக் கொண்டு அளந்தபோது, காதின் ஓர் அலைப்பட்டையில் ஏறக்குறைய கால் பங்கு இடைவெளியில் உரசல் உச்சத்தை எட்டுவதைக் கண்டார்கள். மேல் ஸ்தாயி ச–ரி அந்த இடத்துக்கு மிக அருகில் விழுகிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். மயிலாப்பூரில் பாட்டு வகுப்புக்குப் போகும் குழந்தை முதல் நாளே மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடுகிறது. அதில் ஷட்ஜத்தை அடுத்து வருவதே சுத்த ரிஷபம்தான். யாரும் பயப்படுவதில்லையே? ஒன்றன்பின் ஒன்றாக வரும் சுரங்கள் உரசுவதில்லை. தம்புராவின் ஷட்ஜத்தின் மேல் ரிஷபம் வந்தாலும் குரல் அங்கே தங்காமல் நகர்ந்துவிடுகிறது. இரண்டையும் அசையாமல், கமகம் இல்லாமல், பத்து நொடி சேர்த்துப் பிடித்தால்தான் தொந்தரவு தொடங்கும். ராகத்தின் பெயரைப் பார்த்துப் பயத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. சுரத்தை எப்படி நிறுத்துகிறோம் என்பதே கணக்கு.

பிரதி மத்யமமும் இப்படித்தான். தம்புராவில் பஞ்சமம் ஒலித்துக்கொண்டிருக்கும்போது பிரதி மத்யமத்தை நீட்டிப் பிடித்தால் நடு ஸ்தாயியில் 368, 392 ஹெர்ட்ஸ் மோதி நொடிக்கு 24 துடிப்பு எழும். சுருதிப் பெட்டியையும் ஒரு வயலினையும் வைத்து எந்த மாணவரும் சோதித்துப் பார்க்கலாம்.

இந்த உணர்வில் எது பிறவியிலேயே வந்தது, எது பழக்கத்தால் வந்தது? ஜோஷ் மெக்டெர்மட் குழுவினர் பொலிவியாவின் சிமானே மக்களிடம் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. மேற்கத்திய இசையில் இனிமை என்றும் முரண் என்றும் பிரிக்கப்படும் சுரக்கூட்டங்கள் இரண்டையும் அவர்கள் ஒரே அளவு ரசித்தார்கள். கரகரப்பான ஒலியை மட்டும் மற்றவர்களைப் போலவே வெறுத்தார்கள். இந்த முடிவு இசை தேர்பவருக்கு நேரடியாகப் பயன்படும். கரகரப்பு எல்லாரிடமும் வேலை செய்யும். மற்றவை கேட்பவர் எங்கே வளர்ந்தவர் என்பதைப் பொறுத்தவை.

எந்தக் கருவி, எந்த ஒலி

கேட்பவர் தமிழ்நாட்டில் வளர்ந்தவர் என்றால் இசையமைப்பாளரின் கையில் பெரிய கையிருப்பு இருக்கிறது. உடுக்கைச் சத்தம் கேட்டதும் குறி சொல்லலும் பேயோட்டலும் நினைவுக்கு வரும். இரவில் குடுகுடுப்பையும் நாயின் ஊளையும் கேட்டால் வீட்டுப் பெரியவர்கள் பேச்சை நிறுத்திய அனுபவம் பலருக்கு உண்டு. 2015-இல் வந்த 'டிமான்டி காலனி' ஆழ்வார்பேட்டையில் உண்மையாகவே இருக்கும் ஓரிடத்தின் பெயரைத் தலைப்பாக வைத்தே பாதி வேலையை முடித்துக்கொண்டது. ஒலியிலும் இதே உத்தி செல்லும்.

உறுமி தனியே கவனிக்கத்தக்கது. அதன் ஒரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கும்போது தோல் குச்சியோடு ஒட்டி இழுபடுகிறது, பின் வழுக்கி விடுபடுகிறது, மறுபடி ஒட்டுகிறது. இந்த ஒட்டலும் வழுக்கலும் நொடிக்குப் பல முறை நடப்பதால் முனகல் போன்ற, சுருதி நிலைக்காத ஒலி பிறக்கிறது. கரகரப்பு, ஒழுங்குக் குலைவு, பண்பாட்டு நினைவு ஆகிய மூன்றும் ஒரே கருவியில் கிடைக்கின்றன. உடுக்கையின் இடையிலுள்ள கயிறுகளை அழுத்தினால் தோலின் இறுக்கம் கூடிச் சுருதி தாவும். அதன் பதிவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், ஒவ்வோர் அடியும் இருமடங்கு நீளும். அடையாளம் முழுதும் மறையாமல் அந்நியமாகிவிடும்.

கருவியே இல்லாவிட்டாலும் வழியுண்டு. ஹாலிவுட் திகில் படங்களில் புகழ்பெற்ற வாட்டர்ஃபோன், உலோகக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீரும் விளிம்பில் கம்பிகளும் கொண்டது. ரிச்சர்ட் வாட்டர்ஸ் என்பவர் அதை உருவாக்கினார். அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, தட்டியதும் சாய்த்தால், அதே தத்துவத்தில் ஒலி வளைந்து வழுக்கும். மைக்கை அரை அடி தூரத்தில் வைத்துப் பதிவு செய்தால் அடுக்கில் சேர்க்கத் தகுந்த பொருள் கிடைத்துவிடும்.

உதாரண டிரெய்லருக்கு மையம் தாலாட்டு. பயமுறுத்தாத ஒன்றைப் பயமான இடத்தில் வைப்பது பழைய உத்தி. பழையதாக இருந்தும் பலிப்பதற்குக் காரணம், தாலாட்டு பாதுகாப்பின் அடையாளமாகக் கேட்பவருக்குள் முன்பே பதிந்திருப்பதுதான். அதைப் பெரிய பாடகர் பாட வேண்டியதில்லை. பாட்டுப் பயிற்சி இல்லாத குரல், மூச்சுச் சத்தத்தோடு, சொல்லில்லாமல் முணுமுணுத்தால் இன்னும் பொருந்தும்.

அடுக்குதல்

அடுக்குவதில் புதியவர்கள் செய்யும் முதல் தவறு, போதாது என்று தோன்றும்போதெல்லாம் இன்னொரு டிராக்கைச் சேர்ப்பது. டெசிபல் கணக்கு இதற்கு எதிராக நிற்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத, ஒரே உரப்புள்ள இரண்டு ஒலிகளைக் கூட்டினால் 3 டெசிபல்தான் ஏறும். நான்கைக் கூட்டினால் 6. எட்டைக் கூட்டினால் 9. காதுக்கு இருமடங்கு சத்தமாகப் படவே சுமார் 10 டெசிபல் வேண்டும். ஆக எட்டு அடுக்கு போட்டும் ஒலி இருமடங்காகவில்லை. ஒவ்வோர் அடுக்கும் மொத்தத்தைவிட 9 டெசிபல் கீழே அமுங்கி, தன் முகத்தை இழந்திருக்கும்.

இரண்டாவது தடை மறைப்பு. ஒரே அலைப்பட்டையில் ஒலிக்கும் இரண்டில் உரத்தது மற்றதை விழுங்கிவிடும். அதிலும் கீழ்ச்சுருதி ஒலி தனக்கு மேலுள்ளவற்றை மறைப்பது அதிகம், மேலுள்ளது கீழுள்ளதை மறைப்பது குறைவு. முழக்கமிடும் டிரோன் (விடாமல் நீடிக்கும் கீழ்ச்சுருதி ஒலி) ஒன்று தாலாட்டையும் வசனத்தையும் சேர்த்தே மூடிவிடுவது இதனால்தான். வசனத்தின் மெய்யெழுத்துகள் தெளிவது பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில். அங்கே இசைக்கு வேலை குறைவாக இருக்க வேண்டும்.

எனவே ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு பட்டை, ஒரு வேலை என்று பிரித்துக்கொடுப்பதே முறை. உதாரண டிரெய்லருக்கு ஐந்து அடுக்கு போதும். அடியில் 40 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை டிரோன். அதன் வேலை இடத்தைக் கனமாக்குவது. அதற்கு மேல் அறையின் சூழல் ஒலி: டியூப்லைட் சோக்கின் ரீங்காரம், ஏ.சி.யின் மூச்சு, தொலைவில் பறக்கும் ரயிலின் ஓசை. இவை நம்பகத்தைத் தரும். நடுவில் 300 முதல் 1,500 ஹெர்ட்ஸ் வரை தாலாட்டு; கதையைச் சொல்வது அதுவே. உச்சியில் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வயலின் கீறலும் உறுமித் தேய்ப்பின் கூர்மையும், பதற்றத்துக்கு அவை. ஐந்தாவது, எல்லாப் பட்டைகளையும் ஒரு கணம் நிரப்பும் அதிரடி. ஒவ்வொரு டிராக்கிலும் தனக்குரியதல்லாத பட்டையை ஈக்யூவில் வெட்டிவிட வேண்டும். டிரோனையும் அதிரடியையும் தவிர மற்றவற்றுக்கு லோ-கட் (கீழ்ப்பகுதியை வெட்டுவது) கட்டாயம். ஒரே நேரத்தில் மூன்று அடுக்குக்கு மேல் ஒலிக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுக்குகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசும் என்பதற்கு டியூப்லைட் நல்ல சான்று. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் கேட்கும். மேற்கத்திய 'ஜி' சுரம், அதாவது ஐந்து கட்டை, கீழ் ஸ்தாயியில் 98 ஹெர்ட்ஸ். டிரோனை அங்கே வைத்தால் ரீங்காரத்தோடு நொடிக்கு 2 முறை மெல்ல ஏறி இறங்கும். அறையே மூச்சு விடுவதாகத் தோன்றும். ஐந்தரைக் கட்டைக்கு உயர்த்தினால் 104 ஹெர்ட்ஸ். துடிப்பு நொடிக்கு 4 ஆகிப் படபடக்கும். சரியாக 100 ஹெர்ட்ஸில் வைத்தால் இரண்டும் ஒன்றாகக் கரைந்து, டிரோன் எங்கே தொடங்கியது என்றே தெரியாது. டிரோன் நுழையும் இடத்துக்குக் கடைசி வழியும், பதற்றம் ஏறும் இடத்துக்கு இரண்டாவது வழியும் பொருந்தும். இசை எது, அறையின் ஒலி எது என்று பிரிக்க முடியாத நிலையில்தான் காது விழித்துக்கொள்கிறது.

இடத்தின் அளவைச் சொல்வது எதிரொலி. ஓர் ஒலியும் அதன் பிரதிபலிப்பும் சுமார் 30 மில்லிநொடிக்குள் வந்தால் காது அவற்றை ஒன்றாகவே கேட்கும். அதைத் தாண்டினால் இடம் பெரிதாகத் தோன்றத் தொடங்கும். கல்லூரியின் நீண்ட வராந்தாவில் ஒரு பலூனை உடைத்துப் பதிவு செய்தால் அந்த இடத்தின் எதிரொலி முழுதும் ஒரே கோப்பில் கிடைத்துவிடும். கன்வல்யூஷன் ரிவெர்பில் அதை ஏற்றினால், அறைக்குள் பாடிய தாலாட்டு வராந்தாவின் கோடியிலிருந்து வரும். முதலில் எதிரொலியோடும், கடைசியில் எதிரொலியே இல்லாமல் காதருகிலும் ஒலித்தால், பாடுபவர் நகர்ந்து வந்துவிட்டார் என்பதை எந்தக் காட்சியும் சொல்ல வேண்டியதில்லை.

காலக் கணக்கு

60 நொடி என்பது 1,440 ஃபிரேம். நிமிடத்துக்கு 80 தாளம் என்று வேகத்தை வைத்தால் ஒரு தாளத்துக்குச் சரியாக 18 ஃபிரேம். 90 என்றால் 16. 96 என்றால் 15. 120 என்றால் 12. 1,440-ஐ மீதியின்றி வகுக்கும் வேகத்தைத் தேர்ந்தால் எடிட்டரின் வெட்டும் தாளமும் ஒரே கோட்டில் விழும். 48,000 ஹெர்ட்ஸ் பதிவில் ஒரு ஃபிரேமுக்கு 2,000 மாதிரிகள் என்பதால் ஒலியை ஃபிரேமைவிட நுட்பமாகவும் நகர்த்தலாம். ஆனால் எல்லா வெட்டையும் தாளத்தில் வைத்தால் அடுத்த வெட்டு எப்போது என்று பார்வையாளர் கணித்துவிடுவார். முக்கியமான ஒன்றிரண்டைத் தாளத்திலிருந்து நான்கைந்து ஃபிரேம் விலக்குவது பலன் தரும்.

உதாரண டிரெய்லரை இப்படிப் பிரிக்கலாம். முதல் 15 நொடியில் சூழல் ஒலி மட்டும். 15 முதல் 35 வரை தாலாட்டும், அடியில் தெரியாமல் நுழையும் டிரோனும். 35 முதல் 50 வரை உறுமியும் ஏறுமுக ஒலியும். தாலாட்டு அதற்குள் மறைந்துவிடும். 50-ஆவது நொடியில் எல்லாம் நிற்கும். ஒரு நொடி மௌனம். பின் அதிரடி, படத்தின் பெயர். கடைசி மூன்று நொடியில் தாலாட்டின் ஒரே ஒரு சுரம்.

மௌனத்துக்கு அறிவியல் காரணம் இருக்கிறது. அதிரடிக்குச் சற்று முன்னால் சின்ன ஒலி ஒன்று கேட்டால் திடுக்கிடல் குறைந்துவிடும். முன்தூண்டல் தடுப்பு எனப்படும் இந்த விளைவு ஏறக்குறைய 100 மில்லிநொடி, அதாவது இரண்டு மூன்று ஃபிரேம் முன்னால் வரும் ஒலியில் மிக வலுவானது. பாத்திரம் மூச்சை இழுக்கும் சத்தம், கதவின் 'டிக்', முந்தைய இசையின் கடைசித் தட்டு ஆகியவை அந்த இடத்தில் விழுந்தால் அதிரடி வீணாகும். அதற்கு முன் 12 ஃபிரேமாவது துடைத்துவிட வேண்டும். இன்னொரு பக்கம், ஏற்கெனவே அச்சத்தில் இருக்கும் உடல் அதிகமாகத் திடுக்கிடும் என்பது 1951-இலிருந்தே விலங்குச் சோதனைகளில் அறியப்பட்டது. எனவே முதல் 50 நொடி அச்சத்தை ஏற்றும் வேலை; அடுத்து வரும் அதிரடி அதைச் செலவழிக்கும் வேலை.

மௌனம் என்றால் டைம்லைனில் வெற்றிடம் விடுவது அல்ல. அப்படி விட்டால் ஸ்பீக்கர் பழுதானதாகத்தான் தோன்றும். படப்பிடிப்பு நடந்த அறையில் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்த அறை ஒலியை மெலிதாக ஓடவிட வேண்டும். வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954-இல் பாட்டே இல்லாமல் வந்தது. இசையில் ஊறிய ஒருவர்தான் எங்கே இசை வேண்டாம் என்பதையும் துணிந்து முடிவு செய்தார்.

கேட்கும் கருவி

டிரெய்லரைப் பெரும்பாலோர் கேட்பது செல்போனில். அதன் சின்ன ஸ்பீக்கர் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. மிக்ஸிங் அறையில் நெஞ்சை அதிரவைத்த 55 ஹெர்ட்ஸ் டிரோன் அங்கே காணாமல் போகும். இதற்கு மூளையே ஒரு மாற்று தருகிறது. 330, 385, 440 என 55-இன் மடங்குகள் மட்டும் ஒலித்தாலும், இல்லாத அடிச்சுருதியை மூளை ஊகித்துக் கேட்டுவிடும். ஆகவே டிரோனின் நகலொன்றை எடுத்து, சாச்சுரேஷன் கொடுத்து மேல் மடங்குகளை உண்டாக்கி, மெலிதாகச் சேர்த்தால் செல்போனிலும் கனம் தெரியும்.

கல்லூரித் திரையரங்கில் சிக்கல் வேறு. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 14 மீட்டருக்கு ஒரு ஃபிரேம் தாமதம். பின்வரிசையில் இருப்பவருக்கு அதிரடி ஒன்று முதல் இரண்டு ஃபிரேம் கழித்தே கேட்கும். ஒலியை முன்தள்ளி இதைச் சரிசெய்ய முயன்றால் முன்வரிசை கெடும்; விட்டுவிடுவதே மேல்.

சத்தத்தைக் கூட்டி மற்ற டிரெய்லர்களை வெல்லவும் முடியாது. யூடியூப் போன்ற தளங்கள் சராசரி உரப்பு சுமார் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். அளவைத் தாண்டினால் முழு ஒலியையும் தாங்களே குறைத்துவிடுகின்றன. தொடக்கம் முதல் முடிவுவரை உச்சத்தில் வைத்த மிக்ஸ் அங்கே தட்டையாகிவிடும். அமைதியான 50 நொடிகளைக் கொண்ட மிக்ஸின் சராசரி தாழ்வாக இருப்பதால், அதன் ஒரே அதிரடி முழு உயரத்தோடு நிற்கும்.

உரிமை

தேர்ந்த இசையைப் பயன்படுத்த உரிமை இருக்கிறதா என்பது கடைசியில் பார்க்கும் விஷயம் அல்ல. படத்தொகுப்பின்போது பிரபல படத்தின் இசையைத் தற்காலிகமாகப் போட்டு வெட்டும் வழக்கம் எங்கும் உண்டு. பிறகு அதை எடுக்க மனம் வராது. எடுத்தாலும் புதிய இசை அதன் நகலாகவே வரும். வகுப்பறையில் திரையிடுவது வேறு, இணையத்தில் ஏற்றுவது வேறு. பின்னதில் தளத்தின் தானியங்கிச் சோதனை அந்த இசையைச் சில நொடிகளிலேயே கண்டுபிடிக்கக்கூடும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி இசைப் படைப்புக்கு உரிமை, படைத்தவர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. இவை இரண்டும் தனித்தனி உரிமைகள். 1847-இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனையை யாரும் பாடிப் பதிவு செய்யலாம். அதைப் போன வருடம் ஒருவர் பாடி வெளியிட்ட பதிவை எடுத்துப் போட முடியாது. மயிலாப்பூரில் வாழ்ந்த பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார். அவருடைய பாடல்களுக்கு உரிமை 2033 முடியும்வரை உண்டு. பெயர் தெரியாத நாட்டுப்புறத் தாலாட்டைச் சொந்தக் குரலில் பாடினால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் இசையை எடுப்பவர் உரிமத்தின் வகையைப் படிக்க வேண்டும். மாற்றம் செய்யக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் அதைக் காட்சியோடு இணைப்பதே மாற்றமாகக் கருதப்படும்.

முடிவுச் சோதனை

டிரெய்லர் தயாரானதும் மூன்று சோதனைகள் போதும். முதலாவது, ஒவ்வோர் அடுக்காக மௌனமாக்கி முழுதும் கேட்பது. ஒன்றை நீக்கியும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்த அடுக்கு நீக்கப்பட வேண்டியதே. இரண்டாவது, படத்தை மறைத்து ஒலியை மட்டும், படத்தைப் பார்க்காத ஒருவருக்குப் போட்டுக்காட்டுவது. எந்த நொடியில் அவர் உடல் இறுகுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு திட்டத்தோடு ஒப்பிடலாம். மூன்றாவது, அதே கோப்பைச் செல்போனிலும் ஹெட்ஃபோனிலும் திரையரங்கிலும் கேட்பது. இவற்றில் தேறிய ஐந்து அடுக்கு டிரெய்லர், சோதிக்காமல் விட்ட ஐம்பது அடுக்கு டிரெய்லரைவிட நிச்சயமாகப் பயமுறுத்தும்.